கடைசியில் ஒட்ட வேண்டிய கதவு

ஒரு விடுகதை. அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள்.

நாற்பது மாடி உண்டு, நாலு பக்கமும் கண்ணாடி உண்டு. உள்ளே நானூறு பேர் உண்டு, நடந்து போக வழி மட்டும் இல்லை. அது என்ன?

மீன் தொட்டி என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். மீன் தொட்டிக்கு நாற்பது மாடி கிடையாது. மேலும் அதற்குள் போக எந்த மீனும் விண்ணப்பம் போடுவதில்லை. தேன்கூடு என்று இன்னொரு குரல் வரும். தேன்கூட்டுக்கு வழி உண்டு; உள்ளே வேலையும் நடக்கும். ஆகவே அதுவும் இல்லை.

சரியான விடை: அனுமதிகள் இயக்ககத்தின் புதிய தலைமை அலுவலகம். விடைதான் தெரிந்துவிட்டதே என்று எழுந்து போய்விடாதீர்கள். இது ஒரு தீப்பெட்டியில் தொடங்கிய கதை.

அந்தத் தீப்பெட்டி மாதிரிக்காரருடையது. கட்டப்போகும் கட்டடங்களை, கட்டுவதற்கு முன்பே, மேசைமேல் வைக்கிற அளவில் செய்து கொடுப்பது அவர் தொழில். இருநூறில் ஒரு பங்கு அளவு. நாற்பது மாடி அவருடைய இடுப்புக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். சாயம் தோய்த்த பஞ்சில் மரங்கள், அரிசி அளவில் மனிதர்கள், ஊசிக்குழாயில் சொட்டுச் சொட்டாக விடும் பசை. முப்பது வருடமாக அவர் செய்த கட்டடங்களில் ஒன்றுகூட ஒழுகியதில்லை.

அவர் மனைவி அனுமதிகள் இயக்ககத்தில், தபால் பிரிவில் எழுத்தர். நாலு வயதில் ஒரு மகள். உருவம் சின்னது, பார்வை கூர்மை, எங்கே வைத்தாலும் குத்திக்கொண்டு நிற்பாள் என்பதால் வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர்.

மாதிரி செய்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கதவைக் கடைசியில்தான் ஒட்டுவார்கள். மாதிரியை வண்டியில் ஏற்றி, குண்டும் குழியுமான சாலையில் கொண்டுபோய், நாலு பேர் அடியில் கைகொடுத்துத் தூக்கி இறக்குவார்கள். சுண்டுவிரல் நகம் அளவுள்ள கதவு அதற்குள் உதிர்ந்துவிடும். அதனால் மேசைமேல் வைத்து, விளக்குப் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு, தீப்பெட்டியிலிருந்து கதவை எடுத்து ஒட்டுவார்கள். பசை காய இருபது நிமிடம் ஆகும். இதில் தவறு எதுவும் இல்லை. தவறு செய்ய வேண்டியவர்கள் அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

இயக்ககத்தின் இயக்குநர் ஒன்பது நாள் ஆய்வுப் பயணம் போய், ஓர் உண்மையைக் கற்றுக்கொண்டு வந்தார்.

"அங்கெல்லாம் ஒரே கண்ணாடி. அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்குது. நம்ம ஆபீஸைப் பாருங்க, செங்கல்! வெளியில சொல்லவே கூச்சமா இருக்கு."

பழைய அலுவலகத்துக்கு இரண்டு மாடி, இரண்டு வாசல். அதன்மேல் சொல்லக்கூடிய ஒரே குற்றம், அது ஏற்கெனவே இருந்தது என்பதுதான்.

உடனே ஒரு கட்டடக்கலைஞர் வரவழைக்கப்பட்டார். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி. "கட்டடம் வானத்தோட உரையாடணும்" என்றார். கூட்டத்தில் இருந்த எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். மனுக்கொடுக்க வருகிறவர்களோடு யார் உரையாடுவது என்று தபால் பிரிவு எழுத்தர் கேட்க நினைத்தார். ஆனால் அவர் அந்தக் கூட்டத்துக்குத் தேநீர் எத்தனை கோப்பை என்று எழுதுவதற்காக அழைக்கப்பட்டிருந்தார்.

மாதிரியைக் காட்டும் நாள் வந்தது. மேசைமேல் வைத்தாயிற்று, விளக்குப் போட்டாயிற்று. மாதிரிக்காரர் தீப்பெட்டியை எடுத்தார்.

"சார், ஒரு இருபது நிமிஷம். கதவு ஒட்டணும்."

"இயக்குநருக்கே பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு, கதவுக்கு இருபதா?" என்றார் கட்டடக்கலைஞர். "நாளைக்கு ஒட்டிக்கலாம், தள்ளுங்க."

இயக்குநர் மாதிரியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். கீழே குனிந்தார். மேலே நிமிர்ந்தார்.

"அடேயப்பா! எங்கேயும் ஒரு தடங்கல் இல்லாம வழவழன்னு இருக்கே. இதுதான், இதேதான்."

அங்கேயே கையெழுத்துப் போட்டார். மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூடி, நாலு மூலையிலும் அரக்கு முத்திரை வைத்தார்கள். அன்று பிற்பகலே ஆணை வெளிவந்தது: "இயக்குநர் அவர்களின் நேரடிப் பார்வையில் ஒப்புதல் பெற்ற இம்மாதிரியின்படி, எதையும் கூட்டாமலும் எதையும் குறைக்காமலும், கட்டடம் எழுப்பப்பட வேண்டியது."

மறுநாள் மாதிரிக்காரர் தீப்பெட்டியோடு போனார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் செயற்பொறியாளர் அளவுநாடாவோடு நின்றிருந்தார்.

"சார், கதவு ஒட்ட வந்திருக்கேன்."

"எந்தக் கதவு?"

"கட்டடத்துக்கு வாசல் சார். மாதிரியில இன்னும் ஒட்டலை."

செயற்பொறியாளர் பெட்டியைப் பார்த்தார். ஆணையைப் பார்த்தார்.

"கூட்டாமலும்னு போட்டிருக்கே."

"வாசல் இல்லாம எப்படி சார் உள்ளே போவாங்க?"

"கட்டறப்போ ஆளுங்க எப்படிப் போவாங்க?"

"சாரத்து வழியா."

"அப்ப வழி இருக்குன்னுதானே அர்த்தம்?" என்று செயற்பொறியாளர் அன்பாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க, வாசல் இல்லைன்னு எனக்கும் தெரியும். எனக்கும் கண் இருக்கு. ஆனா இல்லைங்கறது கோப்புல இல்லை. நான் எழுதினா, 'இத்தனை நாள் என்ன பண்ணினே?'ன்னு என்னைக் கேப்பாங்க."

"நேத்துதானே சார் கையெழுத்தாச்சு?"

"அதான் சொல்றேன், ஒரு நாள் ஆயிடுச்சே!"

மாதிரிக்காரர் தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கட்டடம் எழுந்தது. இரண்டு வருடத்தில் எழுந்தது. மாதிரியில் இருந்த எதுவும் விட்டுப்போகவில்லை. ஏழாவது மாடியில் மாதிரிக்காரர் பசைக் கையோடு தொட்ட கட்டைவிரல் ரேகை ஒன்று இருந்தது. அது ஒரு மாடி உயரத்துக்குச் சாம்பல் நிறச் சுழிகளோடு கண்ணாடியில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தது. முதலில் வந்த கண்ணாடியில் சுழி இடப்பக்கம் திரும்பியிருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டி குலுங்கியதில் ஒரு பஞ்சு மரம் சாய்ந்திருந்தது. தோட்டத்தில் இருபது அடி மரம் ஒன்றைப் படுக்கவைத்து நட்டார்கள். அளவு தெரிவதற்காக மாதிரிக்கு முன்னால் சிவப்புக் குடையோடு அரிசி அளவில் ஒரு பெண் பொம்மையை மாதிரிக்காரர் நிறுத்தியிருந்தார். அதற்காக 'குடைநிலை உதவியாளர்' என்று ஒரு பணியிடம் உருவாக்கப்பட்டது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். வெயிலோ மழையோ, குடையை மடக்கக் கூடாது. வலது காலை முன்வைத்தே நிற்க வேண்டும்.

"ஏங்க, ஏழாவது மாடியில உங்க கட்டைவிரல் வந்தாச்சு, பார்த்தீங்களா?" என்றாள் மனைவி.

"பார்த்தேன்."

"கதவு?"

"தீப்பெட்டியில இருக்கு."

"நல்லது. பத்திரமா வைங்க. நான் வேலைக்குப் போறப்போ அதையும் டிபன் பாக்ஸோட கொடுத்தனுப்புங்க."

திறப்பு விழாவில் நாடா கட்ட வாசல் இல்லாததால் கட்டடத்தைச் சுற்றியே கட்டினார்கள். இயக்குநர் வெட்டினார். கைதட்டல் ஓய்ந்தது. அதன்பிறகு என்ன செய்வது என்று நிகழ்ச்சி நிரலில் இல்லை.

செயற்பொறியாளர் முன்வந்தார். "உள்ளே பார்க்கறதுக்காக மாதிரியில கூரையைக் கழற்றலாம் சார். அதன்படி நம்ம கூரையும் திறக்கும். கண்ணாடி துடைக்கிறவங்க நிக்கறதுக்கு வெளிப்பக்கம் கயித்துல தொங்கற தொட்டில் இருக்கு. அதுல ஏறி மேல போய், கூரை வழியா இறங்கிடலாம்."

"புதுமையா இருக்கே!" என்றார் இயக்குநர். அவ்வளவுதான், அது புதுமையாகிவிட்டது.

தொட்டிலில் ஒரு தடவைக்கு எட்டுப் பேர். போய்வர இருபது நிமிடம். நானூறு பேருக்கு ஐம்பது தடவை. பதினேழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பதவி வரிசைப்படி ஏற்றினார்கள். கடைசி எழுத்தர் உள்ளே இறங்கும்போது முதல் அதிகாரி வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டிருப்பார். இதைச் சரிசெய்ய ஒரு குழு அமைத்தார்கள். கீழ்நிலை ஊழியர்களின் நலன் கருதி, 'தங்கிப் பணிபுரியும் திட்டம்' வந்தது. ஆளுக்கு ஒரு பாய், ஒரு தலையணை. தபால் பிரிவு சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி, திங்கட்கிழமை காலை ஏற வேண்டும்.

பிறகு, தொட்டிலை நிர்வகிக்கப் பன்னிரண்டு புதிய அதிகாரிகள் வந்தார்கள். அவர்களும் தினமும் தொட்டிலில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அதனால் தபால் பிரிவின் முறை மாதத்துக்கு ஒரு ஞாயிறாயிற்று. காற்று வீசினால் அதுவும் இல்லை.

குண்டூசிக்கு இப்போது ஆறரை வயது. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவும் மகளும் கட்டடத்துக்கு எதிர்ப் பக்கம் போய் நிற்பார்கள். கீழிருந்து ஒன்பது மாடி எண்ணுவாள். இடமிருந்து நாலு கண்ணாடி எண்ணுவாள். அங்கே ஒரு புள்ளி. சரியாக நாலே காலுக்கு அந்தப் புள்ளி மஞ்சள் தூசித்துணியை ஆட்டும்.

"அம்மா சாப்பிட்டாங்களாப்பா?"

"துணி ஆட்டினா சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம்."

"ரெண்டு தடவை ஆட்டறாங்களே?"

"குழம்பு நல்லா இருந்திருக்கும்."

அந்த மாதத்து ஞாயிறன்று அம்மா வீட்டுக்கு வந்தாள். உள்ளே வந்தவள் மறுபடி வாசலைத் தாண்டி வெளியே போனாள், திரும்ப உள்ளே வந்தாள்.

"என்ன பண்றே?" என்றார் மாதிரிக்காரர்.

"சும்மா. எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்க! தரையோட தரையா ஒரு ஓட்டை. யார் கண்டுபிடிச்சாங்களோ!"

குண்டூசி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஏம்மா கீழ் மாடிக்கு வந்து நிக்க மாட்டேங்கற? மூஞ்சி தெரியும்ல?"

"அட்டை கொடுத்திருக்காங்கடி. என் அட்டைக்கு ஒன்பதாவது மாடியும் கூரையும்தான் திறக்கும். வேற எங்க தேய்ச்சாலும் 'கீ'ன்னு கத்தும்."

"அப்ப நீ ஒன்பதுலயேதான் இருப்பியா?"

"வேற எங்கடி போவேன்?"

குண்டூசி இதை ஞாபகம் வைத்துக்கொண்டாள்.

ஊரார் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் பழகிக்கொண்டார்கள். மனுவைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தால், கீழ்த்தளத்தில் இருக்கும் அலுவலர் உள்ளிருந்து படிப்பார். பதில் தயாரானால் கூரையிலிருந்து கூடையில் இறங்கும். மூன்றாவது மாதம் அது நாகரிகமாகிவிட்டது. ஒரு நகைக்கடை வாசலை அடைத்துவிட்டு ஏணி வைத்தது, கூட்டம் இரட்டிப்பானது. ஓர் ஒப்பந்தக்காரர் வாசலே இல்லாமல் சொந்த வீடு கட்டினார். மாமியார் வருவது நின்றுபோனது என்று அவர் சொன்னதிலிருந்து அந்தப் பாணிக்கு இன்னும் பெரிய ஆதரவு கிடைத்தது. வாசல் வைத்திருந்தவர்கள், விருந்தாளிகள் வரும்போது அதன் முன்னால் அலமாரியை நகர்த்தி மறைத்தார்கள்.

மாதிரிக்காரருக்கு இதுவரை இல்லாத அளவு வேலை வந்தது. "அந்த ஆபீஸ் மாதிரியே வேணும். கதவு வேண்டாம். உங்க கட்டைவிரல் மட்டும் மறக்காம வச்சுடுங்க" என்று கேட்டு வாங்கிப்போனார்கள். அவரும் வைத்துக் கொடுத்தார். ஆனாலும் ஒவ்வொரு மாதிரிக்கும் பழக்கத்தில் ஒரு கதவை வெட்டித் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டார். தீப்பெட்டியில் ஏழு கதவு சேர்ந்தது.

மனைவி வீட்டுக்கு வர வேண்டும் என்பதால், தன்னிடம் இருக்கும் கதவை ஒட்ட அனுமதி கேட்டு அவர் ஒரு மனு எழுதினார். கண்ணாடியில் மூன்று நாள் அழுத்திப் பிடித்திருந்தார். ஐந்தாவது வாரம் கூடையில் பதில் இறங்கியது: "தங்கள் மனுவின்படி, இயக்ககக் கட்டடத்தின் கதவு தங்களிடம் இருப்பது தெரியவருகிறது. இயக்ககத்தின் உடைமையை இரண்டரை ஆண்டுகளாகத் தங்கள் வசம் வைத்திருப்பதற்குப் பதினைந்து நாள்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டியது."

அந்தப் பதினைந்து நாள் முடிவதற்குள் காற்று அடித்தது.

இயக்குநர் மதிய உணவுக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது தொட்டில் இருபத்திரண்டாம் மாடியில் நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் இப்படியும் அப்படியும் ஆடியது. கண்ணாடிக்கு உள்ளே இருபத்திரண்டாம் மாடி ஊழியர்கள் அனைவரும் எழுந்து நின்றார்கள். இயக்குநர் கடந்து செல்லும்போது எழுந்து நிற்க வேண்டும் என்பது விதி. அவர் கடந்து செல்லாமல் ஆடிக்கொண்டே இருந்ததால் அவர்களும் மூன்று மணி நேரம் நின்றார்கள். இயக்குநர் கண்ணாடியைத் தட்டினார். அவர்கள் கைகூப்பினார்கள்.

தரையில் இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது. இரண்டாவது வார்த்தை, "கதவு."

உடனே குழு கூடியது. பழைய செங்கல் கட்டடத்தில், மாதிரி வைத்திருந்த அறையில் கூடியது. இயக்குநர் இனித் தொட்டில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பழைய கட்டடத்துக்கு எல்லாரும் நடந்தே வந்து சேர்ந்தார்கள். அதை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மாதிரியில கதவை ஒட்டிட்டா, அதன்படி கட்டடத்துலயும் வச்சிடலாம். ஒட்டறதுல சிரமம் இல்லை சார்" என்றார் செயற்பொறியாளர். "யார் ஒட்டறதுங்கறதுதான். ஒட்டறவர், முன்னாடி கதவு இல்லைங்கறதை ஒத்துக்கறார். ஒத்துக்கிட்டா, அதுக்குப் பொறுப்பும் அவர்தான்."

"மாதிரிக்காரரே ஒட்டட்டுமே" என்றார் இயக்குநர்.

"அவர் மேல விளக்கம் கேட்டிருக்கோம் சார். நிலுவையில இருக்கு."

"கட்டடக்கலைஞர்?"

"நான் வானத்துக்கு மட்டும்தான் பொறுப்பு" என்றார் கட்டடக்கலைஞர்.

மூன்று கூட்டம் இப்படிப் போனது. நாலாவது கூட்டத்தில், சட்டப் பிரிவிலிருந்து வந்திருந்தவர் தொண்டையைக் கனைத்தார். "பதினெட்டு வயசு நிரம்பாதவங்க செய்யற காரியத்துக்கு அவங்க பொறுப்பில்லை. பொறுப்பில்லாதவங்க ஒட்டினா, யாருமே பொறுப்பில்லை."

அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மூச்சுவிட்டார்கள்.

"குழந்தை யார்கிட்ட இருக்கு?"

விளக்கம் சொல்ல வரவழைத்து ஓரமாக நிறுத்தியிருந்த மாதிரிக்காரர் கையைத் தூக்கினார்.

அவரிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தார்கள். கதவின் இடம் குறித்துக் குழந்தைக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ, சொல்லாலோ சைகையாலோ, எவ்வித ஆலோசனையும் கூறமாட்டேன். கூறினால் பொறுப்பு என்னையே சாரும். அவர் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எந்தக் குழந்தைக்குத்தான் வாசல் எங்கே இருக்கும் என்று தெரியாது?

அன்று சாயங்காலம் கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து, குண்டூசிக்கு, கதவை இடுக்கி எடுக்கும் சாமணத்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

"நாளைக்கு இதை நான் ஒட்டணுமாப்பா?"

"ஆமா."

"எங்க?"

மாதிரிக்காரர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். "அதை அப்பா சொல்லக்கூடாதும்மா. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"கதவு எதுக்குன்னாவது சொல்லலாமா?"

அதற்குப் பத்திரத்தில் தடை இருந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

"அம்மா வெளியே வர்றதுக்கு."

"சரி, எனக்குத் தெரியும்" என்றாள் குண்டூசி. அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

மறுநாள் அரக்கு முத்திரைகளை உடைத்தார்கள். கண்ணாடிப் பெட்டியைத் தூக்கினார்கள். சுற்றிலும் கயிறு கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் இயக்குநர், கட்டடக்கலைஞர், செயற்பொறியாளர், பன்னிரண்டு தொட்டில் அதிகாரிகள், அவர்களுக்குப் பின்னால் மாதிரிக்காரர். கயிற்றுக்கு அந்தப் பக்கம் குண்டூசி மட்டும். ஏறி நிற்க ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

செயற்பொறியாளர் நடைமுறையைப் படித்தார். "பசை காய இருபது நிமிடம் ஆகும். அதுவரை கதவை இடம் மாற்றலாம். ஆட்சேபணை உள்ளவர்கள் அதற்குள் தெரிவிக்கலாம். ஆட்சேபிப்பவரின் பெயர், பதவி, காரணம் பதிவேட்டில் ஏறும்."

பதிவேடு திறந்து வைக்கப்பட்டது. பேனாவின் மூடியும் கழற்றி வைக்கப்பட்டது.

குண்டூசி தீப்பெட்டியைத் திறந்து ஒரு கதவை எடுத்தாள். பசை தொட்டாள். மாதிரியின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். மாதிரிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் அங்கிருந்து விரலால் மேல்நோக்கி எண்ண ஆரம்பித்தாள். பிறகு நாற்காலிமேல் ஏறி, இடமிருந்து எண்ணினாள். சாமணத்தை நீட்டி, அப்பா சொல்லிக்கொடுத்தபடியே, நடுங்காமல் வைத்து அழுத்தினாள்.

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

எல்லாரும் பார்த்தார்கள். இயக்குநர் செயற்பொறியாளரைப் பார்த்தார். செயற்பொறியாளர் பதிவேட்டைப் பார்த்தார். மாதிரிக்காரர் ஓரடி முன்னால் வந்தார், கயிறு வயிற்றில் இடித்தது, பத்திரத்தில் போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது, நின்றுவிட்டார். கட்டடக்கலைஞர் மட்டும், "தைரியமான சிந்தனை" என்று மெதுவாகச் சொன்னார்.

இருபது நிமிடம் ஆயிற்று. ஆட்சேபணை எதுவும் வரவில்லை. கதவு ஒன்பதாவது மாடியில், இடமிருந்து நாலாவது கண்ணாடியில் இருந்தது.